துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமையா, கடமையா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த விஷயம் நம் வீடுகளுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிகிறது. பாதிக்கு மேல் எழுதியவர்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் அம்மா அப்பாக்கள். அதனால் இந்த வாரம் முழுக்க இதைப் பற்றியே பேசிவிடலாம்.

எல்லா நாட்டிலும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கிறார்கள். அமெரிக்காவிலோ அதைப் பேச்சுரிமை, வழிபாட்டு உரிமைக்குச் சமமாக அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த யோசனை யாருக்கு, எப்போது வந்தது?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அமெரிக்காவில் முளைத்த யோசனை இல்லை அம்மா இது, இங்கிலாந்தில் இருந்து கப்பலேறிப் போனது. முதலில் அது உரிமையாகவும் இல்லை. கடமையாகத்தான் இருந்தது. 1181-ல் இரண்டாம் ஹென்றி மன்னர் ஒரு கட்டளை போட்டார்: நாட்டில் உள்ள சுதந்திரமான ஆண்கள் ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்குத் தக்க ஆயுதம் வைத்திருக்க வேண்டும். வசதியுள்ளவனுக்கு இரும்பு வலைக்கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி. சாதாரண ஆளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, இரும்புத் தொப்பி, ஒரு ஈட்டி. நிரந்தரப் படை வைத்துச் சம்பளம் கொடுக்க மன்னரிடம் காசு கிடையாது. ஊரில் திருட்டு, வெளியில் இருந்து படையெடுப்பு என்றால் குடிகளே கையில் கிடைப்பதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதே கட்டளையில் யூதர்கள் கவசம் வைத்திருக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள். எவன் ஆயுதம் ஏந்தலாம் என்று எழுதிய ஒவ்வொரு சட்டத்திலும், எவன் ஏந்தக் கூடாது என்பதும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அது உரிமையாக மாறியது 1689-ல். அதற்கு முன்னால் 1671-லேயே வேட்டைச் சட்டம் என்ற பெயரில், ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் வரும் நிலம் இல்லாதவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது ஏழைக் குடியானவன் கையில் இருந்து பிடுங்கியாயிற்று. அப்புறம் கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸ் வந்தார். கத்தோலிக்கர்களைப் படையில் சேர்த்துக்கொண்டு புராட்டஸ்டன்டுகளின் ஆயுதத்தைப் பறிக்கிறார் என்று அவர்மேல் பெரிய புகார். அவர் ஓடிப்போன பிறகு நாடாளுமன்றம் எழுதிய உரிமைப் பட்டயத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: புராட்டஸ்டன்டுகளாக உள்ள குடிமக்கள், தங்கள் தகுதிக்கு ஏற்ற, சட்டம் அனுமதிக்கிற ஆயுதங்களைத் தற்காப்புக்காக வைத்துக்கொள்ளலாம். எத்தனை நிபந்தனை பார். மதம், தகுதி, சட்டத்தின் அனுமதி என்று மூன்று பூட்டு போட்டுத்தான் அந்த உரிமையைக் கொடுத்தார்கள்.

அமெரிக்கக் காலனிகளில் இருந்தவர்கள் தங்களை இங்கிலாந்துக் குடிமக்களாகவே நினைத்தவர்கள், அதனால் அந்த உரிமை தங்களுக்கும் உண்டு என்று நம்பினார்கள். 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டனில் இருந்து சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிளம்பினார்கள், 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த கான்கார்ட் ஊரில் மக்கள் சேர்த்துவைத்திருந்த வெடிமருந்தையும் பீரங்கிகளையும் கைப்பற்ற. விடியும்போது லெக்சிங்டன் ஊர்ப் பொதுத்திடலில் 70, 80 உள்ளூர்க்காரர்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். முதல் குண்டை யார் சுட்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் செத்தார்கள், போர் தொடங்கிவிட்டது. அடுத்த சில நாளில் பாஸ்டன் நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட மக்களிடம், ஆயுதத்தை ஒப்படைத்தால் ஊரைவிட்டு வெளியே போகலாம் என்றார் பிரிட்டிஷ் ஆளுநர் கேஜ். 1,778 துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தபின் பலரை வெளியே விடவில்லை.

இந்த அனுபவத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறைதான் 16 வருஷம் கழித்து, 1791-ல், ஆயுத உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தைச் சட்டமாக்கியது. ஆயுதத்தைப் பறிக்க வருகிறவன் அடுத்து எல்லாவற்றையும் பறிப்பான் என்ற பயம் அவர்களுக்குப் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

அந்த இரண்டாவது திருத்தம் அப்படி என்னதான் சொல்கிறது? ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருநூறு வருஷமாகவா வழக்காடுவார்கள்?
- சட்டக் கல்லூரி மாணவர், கோவை

ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொல். தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மிலிஷியா ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியம் என்பதால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படக் கூடாது." நான் எழுதிய "என்பதால்" மூலத்தில் இவ்வளவு தெளிவாக இல்லை, அங்கேதான் தகராறே. முன்பாதி மிலிஷியாவைப் பேசுகிறது, பின்பாதி மக்களின் உரிமையைப் பேசுகிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, அல்லது வெறும் முன்னுரைதானா?

மிலிஷியா என்றால் என்ன என்று முதலில் புரிய வேண்டும். ஊர்க்காவல் படை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விரும்பினால் சேரும் படை இல்லை, பெயர் கொடுத்தே ஆகவேண்டும். திருத்தம் வந்த மறுவருஷமே, 1792-ல், ஒரு சட்டம் போட்டார்கள். 18-ல் இருந்து 45 வயது வரை உள்ள, உடல் திடமான ஒவ்வொரு வெள்ளை ஆண் குடிமகனும் தன் சொந்தச் செலவில் ஒரு மஸ்கெட் துப்பாக்கி, முனையில் மாட்டும் கத்தி, இரண்டு உபரி சக்கிமுக்கிக் கல், குறைந்தது 24 தோட்டா, ஒரு முதுகுப்பை எல்லாம் வாங்கிவைத்துக்கொண்டு பயிற்சிக்கு வரவேண்டும். 'வெள்ளை ஆண்' என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த மஸ்கெட்டைச் சுடும் விதத்தையும் பாருங்கள். காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். துளி மருந்தை விசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழியில் தட்டி மூடி, துப்பாக்கியை நிமிர்த்தி, மிச்ச மருந்தைக் குழல் வாயில் கொட்டி, ஈயக்குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளி, நீளக் கம்பியை உருவி இடித்துக் கெட்டித்து, கம்பியைத் திரும்பச் செருகி, அப்புறம்தான் குறி பார்க்க முடியும். நன்றாகப் பழகிய சிப்பாயே நிமிஷத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிய விஷயம். நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் தனி ஆள்மேல் படுவது அதிர்ஷ்டம். அந்தக் குழலை மனதில் வைத்து எழுதிய 27 சொல்லைத்தான் இன்றைக்கு முப்பது தோட்டா மேகசினோடு விற்கும் துப்பாக்கிக்கும் பொருத்துகிறார்கள். அப்போது பத்திரிகை அச்சடித்ததும் கையால்தான், அதற்காகப் பேச்சுரிமை இணையத்துக்குக் கிடையாது என்றா சொல்வீர்கள் என்று மறுபக்கம் கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

எனக்குச் சிந்தனையைத் தூண்டியது வேறு ஒரு விவரம். இந்தத் திருத்தத்தை முதலில் எழுதிய ஜேம்ஸ் மேடிசன் 1789 ஜூனில் முன்வைத்த முதல் வரைவில் கடைசியாக இன்னொரு பகுதியும் இருந்தது: மத நம்பிக்கை காரணமாக ஆயுதம் ஏந்த மறுக்கிறவரை நேரில் வந்து படைச்சேவை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று. போரே கூடாது என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் மாதிரி ஆட்களுக்காக. பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் 'ஆயுதம் ஏந்துவது' என்று அவர்கள் சொன்னபோது மனதில் இருந்தது படைச்சேவை என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டாம் என்பது என் எண்ணம்.

நீதிமன்றம் என்ன சொன்னது? 1939-ல் மில்லர் வழக்கு. குழலை 18 அங்குலத்துக்கும் குறைவாக அறுத்த ஷாட்கன் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) வைத்திருந்தவர்கள் மேல் வழக்கு. இதற்கும் மிலிஷியாவுக்கும் சம்பந்தம் காட்டவில்லை, அதனால் பாதுகாப்பு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அது கிட்டத்தட்ட எழுபது வருஷம் நின்றது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் எல்லாம் மாறியது. டிக் ஹெல்லர் என்பவர் வாஷிங்டனில் காவல் பணியில் இருந்தவர், பணி நேரத்தில் இடுப்பில் கைத்துப்பாக்கி, வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும், ஏனென்றால் அந்த நகரத்தில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை, மிலிஷியாவில் இருக்கத் தேவையில்லை என்று தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. ஆனால் அவரே இது எல்லையற்ற உரிமை இல்லை, குற்றவாளிகள் வைத்திருப்பதைத் தடுக்கலாம், பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் தடுக்கலாம் என்றும் எழுதினார். நான்கு நீதிபதிகள் சார்பில் மறுப்பு எழுதிய ஸ்டீவன்ஸ், வரலாற்றை முழுக்கத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள் என்று வாதாடினார். தீர்ப்பு, மறுப்பு இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள் தம்பி, சட்டம் படிக்கிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரே கடிதங்கள், ஒரே பழைய சட்டங்கள், முடிவு மட்டும் வேறு.

2022-ல் ப்ரூயன் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. வெளியில் துப்பாக்கி எடுத்துப்போக நியாயமான காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுச் சட்டம் செல்லாது. இனி எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றது. விளைவு, மனைவியை அடிக்கிறவனிடம் இருந்து துப்பாக்கியை வாங்குவதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் முன்மாதிரி தேட வேண்டிய நிலை. மனைவியை அடிப்பதையே குற்றமாகப் பார்க்காத நூற்றாண்டு அது. ஒரு கீழ்நீதிமன்றம் அப்படி முன்மாதிரி இல்லை என்று சொல்லி அந்தச் சட்டத்தை ரத்தும் செய்துவிட்டது. 2024-ல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அதைச் சரிசெய்தது. ப்ரூயன் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ்தான் அந்த ஒருவர்.

கறுப்பின மக்களுக்கும் இந்த உரிமை இருந்ததா?
- ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மதுரை

இல்லை ஐயா. சட்டப் புத்தகத்தில் வந்த பிறகும் கைக்கு வரவில்லை.

1857-ல், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று எழுதினார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்றைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அவர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால், போகிற இடமெல்லாம் ஆயுதம் எடுத்துச்செல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்கிறார். அதாவது அந்த உரிமை குடிமகனுக்கு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை, அதனாலேயே இவர்களைக் குடிமக்கள் ஆக்கக் கூடாது.

அடிமைமுறை 1865-ல் ஒழிந்தது. அதே வருஷம் மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர்கள் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்று சட்டம் போட்டது. 1873 ஈஸ்டர் ஞாயிறு அன்று லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையர் கும்பல் சூழ்ந்து கொன்றது, சரணடைந்தவர்களையும் சேர்த்து. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சிலரையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்கள் உன் ஆயுதத்தைப் பறித்தால் அதற்கு இந்தத் திருத்தம் பொறுப்பில்லை என்றார்கள்.

1956-ல் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அகிம்சையைப் பேசிய அந்த மனிதரே அப்போது துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. 1967 மே மாதம் கலிபோர்னியாவில் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் சுமார் முப்பது பேர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திச் சட்டமன்றத்துக்குள் நடந்துபோனார்கள், அன்றைய சட்டப்படி அப்படி எடுத்துப்போக அனுமதி இருந்தது. மூன்று மாதத்துக்குள் அந்த அனுமதியை ரத்து செய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் ஆளுநர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் பெரிய நாயகன் அவர்.

இதை எல்லாம் வைத்துத் துப்பாக்கி உரிமை என்பதே வெள்ளையர் சதி என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்பதே நிறவெறி என்று எதிர்ப்பக்கமும் இதே கதைகளைச் சொல்கிறது. இரண்டு கதைக்கும் ஒரே ஆதாரம். யார் கையில் இருந்து எடுக்கலாம் என்று அதிகாரம்தான் தீர்மானித்தது, அந்தக் கை எப்போதும் ஏழையின் கையாக, வேற்று நிறத்தவனின் கையாக இருந்தது, எனக்குப் புரிவது அவ்வளவுதான்.

"இந்தியர்களின் ஆயுதத்தைப் பறித்ததுதான் வெள்ளைக்காரன் செய்த மிகப்பெரிய கேடு" என்று காந்தி சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? அப்படியானால் சுதந்திர இந்தியா ஏன் இந்த உரிமையைக் கொடுக்கவில்லை?
- வாசகர், சிவகங்கை

உண்மைதான், ஆனால் பாதி. 1918-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்கக் காந்தி குஜராத் கிராமங்களில் நடையாய் நடந்தார். அப்போது போட்ட துண்டுப் பிரசுரத்தில்தான் அந்த வரி வருகிறது, அதைத் தன் சுயசரிதையிலும் எடுத்து எழுதியிருக்கிறார். அவர் வாதம் இதுதான்: ஆயுதச் சட்டத்தை நீக்க வேண்டும் என்றால், ஆயுதம் பழக வேண்டும் என்றால், இந்தப் போரில் சேருங்கள், நல்ல வாய்ப்பு. அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்கள் முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சொல்லும் ஆயுதச் சட்டம் 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்தது. இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. ஆனால் சிவகங்கைக்காரரான உங்களுக்கு இந்தக் கதை அதற்கும் 77 வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்து, அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் ஒழிப்பது, கோட்டைகளை இடிப்பது. கான்கார்டுக்கு வெடிமருந்து தேடிப் படை போனதற்கும் இதற்கும் இடையில் 26 வருஷம்தான் இடைவெளி, இரண்டையும் செய்தது ஆங்கிலேயர்தான்.

அந்தக் காயம் இருந்ததால்தான் 1931 கராச்சி காங்கிரஸ், அடிப்படை உரிமைகள் என்று போட்ட பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது. பலருக்கு இது தெரியாது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் இதை நினைவுபடுத்தி, குடிமக்களுக்கு ஆயுத உரிமை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் பதில் சொன்னார். யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் எந்தத் தடையும் இல்லாமல் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நிர்வாகம் எப்படி நடக்கும் என்று கேட்டார். சுதந்திர நாட்டில் நாம் வலியுறுத்த வேண்டியது தனிமனிதனின் ஆயுத உரிமையை இல்லை, நாட்டுக்காக ஆயுதம் ஏந்த வேண்டிய கடமையை என்றார். ஹென்றி மன்னர் காலத்தில் கடமையாகத் தொடங்கி, உரிமையாக மாறி, அமெரிக்கா வரைக்கும் போன விஷயத்தை அவர் திரும்பக் கடமைக்கே கொண்டுவந்து நிறுத்தினார். திருத்தம் தோற்றது. இன்று நம் அரசியலமைப்பின் 19-வது பிரிவு, அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடுவதற்கான உரிமையைத்தான் தருகிறது. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் என்பது அரசு கொடுக்கிற அனுமதி, நாம் கேட்டு வாங்கும் உரிமை இல்லை. குடகு மக்களுக்கு மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கொடுத்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆயுதத்தை வைத்துப் பூசை செய்யும் கைல்போது பண்டிகை அங்கே ஒவ்வொரு செப்டம்பரும் நடக்கிறது.

என் தாத்தாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. மலையடிவாரத் தோட்டம், காட்டுப்பன்றித் தொல்லை. ஒத்தைக் குழல், வாய்வழி மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. தேங்காய் எண்ணெய் துடைத்துப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் இருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் போதும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், தேர்தல் முடிந்ததும் போய் எடுத்து வருவார். அரசாங்கம் பிடுங்குகிறது என்று அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. துப்பாக்கி பரண்மேல், அதில் வைத்தால்தான் வெடிக்கும் கேப்பு மட்டும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் தனியாக. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் எடுக்க முடியாதபடி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது.

நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனுக்குப் பயம் இருக்கும்தானே? நம் ஊரிலும் பெண்களுக்குக் கொடுத்தால் என்ன?
- குடும்பத் தலைவி, தர்மபுரி

உங்கள் கோபம் புரிகிறது சகோதரி. இருட்டில் தனியாக வரும் பெண்ணுக்கு ஏதாவது ஒரு துணை வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது. ஆனால் துப்பாக்கி நிறைய இருக்கிற நாட்டின் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு 2018-ல் மதிப்பிட்டது, மக்கள்தொகையை விட அதிகம். 2021-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. கெட்டவனிடம் இருந்து காப்பாற்றிக்கொள்ள வாங்கி அலமாரியில் வைத்த துப்பாக்கி, வீட்டில் உள்ள ஒருவர் மனம் உடைந்து நின்ற ஒரு ராத்திரியில் கைக்கு எட்டியிருக்கிறது. வேறு வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், பிறகு வாழ்ந்தும் விடுகிறார்கள். துப்பாக்கியில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் பிழைப்பதில்லை. 2020 முதல் அங்கே ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், வளரிளம் பிள்ளைகள் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், கார் விபத்தையும் தாண்டிவிட்டது. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள், 2022-ல் யுவால்டியில் 19 குழந்தைகள். யுவால்டியில் ஆயுதம் ஏந்திய போலீஸ்காரர்கள் பள்ளிக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள், வகுப்பறைக் கதவைத் தாண்டவில்லை. நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் 1996-ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக்கொன்றான் ஒருவன். மறுவருஷம் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். 1689-ல் அந்த உரிமையை எழுதிய அதே நாடு. அதே 1996-ல் ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்தபின் அரசு காசு கொடுத்துச் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. இரண்டு நாட்டிலும் கொடுங்கோல் ஆட்சி வந்துவிடவில்லை.

நமக்கு வேண்டியது தெருவிளக்கு, நேரத்துக்கு வரும் பஸ், புகார் கொடுத்தால் உட்காரவைத்து எழுதிக்கொள்ளும் போலீஸ். அதைக் கேட்டுச் சண்டை போடுவோம், நானும் வருகிறேன்.

வேறு எந்த நாட்டு அரசியலமைப்பிலாவது இந்த உரிமை உண்டா?
- வாசகர், புதுச்சேரி

மெக்சிகோ, குவாத்தமாலா மாதிரி மிகச் சில நாடுகளில்தான். மெக்சிகோவில் ஏட்டில் உரிமை இருந்தாலும் சட்டப்படி வாங்க ராணுவம் நடத்தும் கடைக்குத்தான் போகவேண்டும், பல வருஷம் நாடு முழுக்க அப்படி ஒரே ஒரு கடைதான் இருந்தது. சுவிட்சர்லாந்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே வீட்டில் இருக்கும் துப்பாக்கிகளில் பல, கட்டாயப் படைப்பயிற்சிக்குக் கொடுத்தது. பழைய மிலிஷியா முறை கொஞ்சமாவது உயிரோடு இருப்பது அங்கேதான்.

என் மகன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். அறைத்தோழனிடம் துப்பாக்கி இருக்கிறதாம். அவனும் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்கிறான். ராத்திரி தூக்கம் வரவில்லை.
- ஒரு தாய், ஈரோடு

அம்மா, முதலில் சட்டம். மாணவர் விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். முறையான வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி உங்கள் பையன் இறங்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களின் எச்1பி விசாவுக்கும் இதே விதிதான். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 2021 முதல் 21 வயதான பெரும்பாலானவர்கள் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம், அரசுப் பல்கலைக்கழகங்களில் அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் 2016 முதல் வளாகத்துக்குள்ளேயே மறைத்து எடுத்து வரலாம். அதைச் சுற்றிலும் பார்த்துப் பார்த்துத் தனக்கும் அனுமதி உண்டு என்று பையன் நினைத்திருப்பான். மாட்டினால் படிப்பும் விசாவும் சேர்ந்து போகும். சுட்டுப் பழகும் இடத்துக்கு நண்பர்கள் கூப்பிட்டாலும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது அறைத்தோழன். அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம், அந்த ஊரில் அது சாதாரணம். ஆனால் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா, தோட்டா வேறு இடத்தில் இருக்கிறதா, சாவி யாரிடம் என்று பையன் நேராகக் கேட்க வேண்டும். அங்கே பிள்ளைகளை விளையாட அனுப்பும் அம்மாக்கள்கூட எதிர்வீட்டில் இதைக் கேட்கிறார்கள், யாரும் கோபப்படுவதில்லை. சரியான பதில் வரவில்லை என்றால் அடுத்த செமஸ்டருக்கு வேறு அறை பார்க்கட்டும். வாடகை ஐம்பது, நூறு டாலர் கூடினாலும் பரவாயில்லை என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் காசுக் கவலையில்தான் இதையெல்லாம் நம்மிடம் மறைக்கிறார்கள்.

இன்னொன்று. கார் ஓட்டும்போது போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு, கேட்ட பிறகு சொல்லிவிட்டுத்தான் லைசென்ஸ் எடுக்கக் கையைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்ற நினைப்போடுதான் அங்கே போலீஸ்காரர் பக்கத்தில் வருகிறார். அவனுக்கு ஏன் துப்பாக்கி வாங்கத் தோன்றியது என்றும் கேளுங்கள் அம்மா. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வருகிறானா, யாராவது மிரட்டினார்களா, சும்மா ஆசையா? இந்த இதழ் கையில் கிடைக்கும்போது அங்கே விடிந்திருக்காது. அவன் எழுந்ததும் கூப்பிடுங்கள்.